பனியன் துணியில் வீட்டிலேயே டாப்ஸ் தைக்கலாம்

ஊருக்குப் போனபோது திருப்பூரில் கிலோ கணக்கில் வாங்கி வந்த பனியன் துணி பெட்டியிலேயே கிடக்கிறதா? "நம் மிஷினில் தைத்தால் தையல் விட்டுப்போகும்" என்று பயப்பட வேண்டாம். பனியன் துணி நெய்ததல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னியது. இழுத்தால் துணி நீளும். சாதாரணத் தையல் நீளாமல் அறுந்துவிடும். தையலும் துணியோடு நீள வேண்டும். இதுதான் சூட்சுமம்.

1. துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். சுருங்குவது முன்பே சுருங்கிவிடும்.

2. சரியான அளவுள்ள பழைய டீ-ஷர்ட்டைக் காகிதத்தில் வைத்து வரைந்து, தையலுக்கு அரை அங்குலம் கூட்டுங்கள். துணி அதிகம் நீளும் பக்கம் உடம்பைச் சுற்றி வரட்டும்.

3. உருண்டை முனையுள்ள பால் பாயிண்ட் ஊசி (11 அல்லது 14ஆம் எண்), பாலியெஸ்டர் நூல் வாங்குங்கள். கூரான ஊசி கண்ணியை அறுத்து ஓட்டை போடும்.

4. மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் குறுகலாக வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் துணியை முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பிடித்து நேர்த்தையல் போட்டு, அதையொட்டி இன்னொரு வரி தையுங்கள்.

5. தோள் தையலில் மட்டும் துணியை இழுக்காமல், பருத்தி நாடா வைத்துத் தையுங்கள், தொங்காது.

6. கழுத்துச் சுற்றளவு 22 அங்குலம் என்றால், பட்டி 19 அங்குலம் போதும். இணைப்புக்கு 1 அங்குலம் கூட்டுங்கள். பட்டியை மட்டும் இழுத்துத் தைத்தால் கழுத்து படிந்து நிற்கும்.

முதலில் வெட்டுத் துண்டில் தைத்து, நன்றாக இழுத்துப் பாருங்கள். நூல் அறாவிட்டால் தைரியமாகக் கத்தரிக்கோலை எடுக்கலாம்!