வேலையைக் கொடு, பொறுப்பைக் கொடுக்காதே

மதுரை

அன்பு மருமகளுக்கு,

 

சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைக்கு ஆர்டர் பெருகிவிட்டது, பார்சல் கட்டவே பொழுது சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கோயம்புத்தூர் குடோன்காரர் ஒருவர் சரக்கை வாங்கி அடுக்கி, ஆர்டர் வந்ததும் தாமே பேக் செய்து அனுப்புவதாகச் சொல்கிறாராம்; ஒத்துக்கொள்ளலாமா என்பது உன் முதல் கேள்வி. புது வாடிக்கையாளரைப் பிடிக்க விளம்பரத்துக்கு எவ்வளவு போடலாம் என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே கேள்விதான் அம்மாடி. காசு செலவழித்து நீ கூட்டி வந்த ஆளுக்குப் பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் அவர் மறுபடி வரமாட்டார். அவர் இடத்துக்கு இன்னொருவரைக் கூட்டி வர மறுபடியும் காசு.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார். 900 ரூபாய்ச் சேலை ஒன்று; கொள்முதல் 550 என்று வைத்துக்கொள். கவர், பெட்டி 25, கூரியர் 80, பணம் வசூலிக்கும் கட்டணம் 18, அந்த ஆர்டரைக் கொண்டுவந்த விளம்பரச் செலவு 120. கையில் நிற்பது 107. இப்போது ஐந்து பார்சலில் ஒன்று, வாங்க ஆளில்லாமல் திரும்பி வருகிறது. போன கூரியர் 80, வந்த கூரியர் 80, கவர் 25, விளம்பரம் 120, ஆக 305 போச்சு. மற்ற நாலு சேலையில் கிடைத்த 428-இல் மிஞ்சுவது 123. ஐந்து சேலை அனுப்பியும், ஒரு சேலை விற்ற லாபத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குடோனுக்கு மாற்றினாலும் விளம்பரத்தை இரட்டித்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. அதை முதலில் அடை.

திரும்பி வருவதில் பெரும்பங்கு, பொருள் வந்தபின் பணம் என்கிற கேஷ் ஆன் டெலிவரியில்தான். 2010-இல் பிளிப்கார்ட் அதைக் கொண்டுவந்தபோது, முகம் தெரியாத கடையை ஜனங்கள் நம்பி வாங்க அது தேவைப்பட்டது. உனக்கும் முழுதாக நிறுத்த முடியாது. ஆனால் முன்பணம் கட்டுவோருக்கு 50 ரூபாய் குறைத்துக் கொடு. கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் வந்தால் அனுப்புமுன் வாட்ஸ்அப்பில் முகவரி, பின்கோடு, அடையாள இடம் மூன்றையும் கேட்டு உறுதி செய். பதில் வராத ஆர்டரைக் கட்டாதே.

இனி குடோன் விஷயம். உன்னிடம் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. மெழுகு அச்சு, பிளாக் அச்சுச் சேலைகள் ஒரே டிசைனில் இருபது, முப்பது வரும். அவற்றுக்கு எண் போட்டு யார் கையில் கொடுத்தாலும் சரியாக எடுத்து அனுப்புவார்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. புகைப்படத்தில் பார்த்த அதே சேலைதான் வேண்டும் என்பாள் வாங்குகிறவள். குடோனில் வேலை செய்யும் பையனுக்கு எல்லாம் ஒரே அரக்கு நிறம்தான். ஆகவே அச்சுச் சேலையில் அதிகம் ஓடும் நாலைந்து டிசைனை மட்டும் குடோனுக்குக் கொடு. கைமுடிச்சுச் சேலை உன் வீட்டைவிட்டுப் போகக்கூடாது. அதற்கும் முன்னால், பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை மதியம் மூன்று மணி நேரத்துக்குச் சம்பளத்துக்கு வைத்து, கூரியர்காரரை வீட்டுக்கே வந்து எடுக்கச் சொல்லிப் பார். இரண்டு மாதத்தில் அதுவே போதும் என்று தெரிந்தாலும் தெரியலாம்.

குடோன்காரரிடம் பேசும்போது ஒரு பார்சலுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதே. சரக்கு இறக்க, அடுக்கி வைக்க, எடுத்துக் கட்ட, திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்க்க என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி இருக்கும். ஆர்டர் குறைந்த மாதத்திலும் குறைந்தபட்ச பில் உண்டா? காணாமல் போனால், நனைந்தால், கொள்முதல் விலை தருவார்களா, விற்பனை விலை தருவார்களா? எத்தனை மணிக்குள் வந்த ஆர்டர் அன்றே போகும்? ஒத்துவராவிட்டால் சரக்கைத் திரும்ப எடுக்க எத்தனை நாள், என்ன செலவு? எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு.

எடை விஷயத்தில் ஏமாறாதே. கூரியர் கம்பெனிகள் நிஜ எடை, பெட்டியின் அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில் போடும். நீளம், அகலம், உயரத்தை செண்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பெரும்பாலான இடங்களில் வழக்கம். அரைக் கிலோச் சேலையை 30, 25, 10 அளவுப் பெட்டியில் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்டுவாய். அதே சேலை 4 செண்டிமீட்டர் உயரக் கவரில் போனால் 600 கிராம்தான். எந்தப் பெட்டி, எந்தக் கவர் என்பதை நீயே தீர்மானித்துக் கொடு.

சரக்கு இருக்கும் குடோனை உன் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்க வேண்டும். கோயம்புத்தூர் என்றால் அவ்வளவோடு முடிந்தது. வாடகை குறைவென்று பெங்களூரில் வைத்தால் கர்நாடகத்தில் தனிப் பதிவே எடுக்க வேண்டிவரும். ஆடிட்டரிடம் பேசாமல் மாநில எல்லையைத் தாண்டாதே.

அமேசான் போன்ற தளங்களும் தங்கள் குடோனில் வைத்து அனுப்பித் தருகிறார்கள். வேகமாகப் போகும், அதில் குறையில்லை. ஆனால் பெட்டியில் அவர்கள் பெயர் இருக்கும். வாங்கியவர் அமேசானில் வாங்கினேன் என்றுதான் சொல்வார், அவருடைய போன் எண்ணும் உன்னிடம் தங்காது. பழைய டிசைனைத் தீர்க்கவும் புது ஊர்களில் எது ஓடுகிறது என்று பார்க்கவும் அதை வைத்துக்கொள். முழுக்கடையையும் அங்கே கொண்டுபோய் வைக்காதே.

இனி உன் இரண்டாவது கேள்வி, புது வாடிக்கையாளரைப் பிடிப்பது. விளம்பரத்துக்குப் போடுமுன் படத்தைச் சரிசெய். காலை வெயிலில், வீட்டு முற்றத்தில், ஃபில்டர் எதுவும் போடாமல் எடு. நீளம் ஐந்தரை மீட்டரா, ரவிக்கைத் துணி சேர்ந்ததா என்று எழுது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மரியாதை உண்டு. கைமுடிச்சை கைமுடிச்சு என்றும் அச்சை அச்சு என்றும் சொல். முதல் அலசலில் சாயம் கொஞ்சம் போகும், தனியாகத் துவையுங்கள் என்பதையும் விற்பதற்கு முன்பே சொல்லிவிடு. அப்புறம் வரும் சண்டையில் பாதி வராது.

முடிச்சுப் போடும் அம்மாக்களின் கைவேலையை அரை நிமிட ரீலாகப் போடு; சம்மதம் கேட்டு எடு. விளம்பரக் காசை முதலில் திண்டுக்கல், மதுரை, கோவை, சென்னை என்று தமிழ் பேசும் ஊர்களுக்குள்ளேயே வை. கூரியர் கட்டணமும் குறையும், நீயே போனில் பேசிச் சரிசெய்யவும் முடியும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உன் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் போய்ச்சேரும். பார்சலில் நன்றிச் சீட்டு வைத்து, எண்ணைச் சேமிக்கச் சொல். ஒரு தடவை வாங்கியவருக்குப் புது டிசைனை முதலில் காட்டு. அவருக்கு விளம்பரச் செலவு கிடையாது. நான் கணக்கில் காட்டிய 120 அப்படியே லாபம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கூரியர் ஆபீஸ்களில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். எந்தத் தேதிவரை ஆர்டர் வாங்குவாய் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடு. அதற்குப் பிறகு கேட்பவரிடம், பண்டிகைக்குள் வராது என்று சொல்ல வெட்கப்படாதே.

குடோனுக்குக் கொடுத்த பிறகும் மாதம் ஒருமுறை உன் கடையில் வேறு பெயரில் ஒரு சேலை ஆர்டர் செய்து, எப்படி வருகிறது என்று பார். புகார் போனை மட்டும் யாரிடமும் கொடுக்காதே. அது உன் கையிலேயே இருக்கட்டும். கட்டுவதும் சுமப்பதும் கூலிக்குக் கிடைக்கும். வாங்கியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நீதான்.

இந்த மாதம் திரும்பி வந்த பார்சல் எத்தனை, எந்த ஊரிலிருந்து, என்ன காரணம் என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு குடோன்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று முடிவு செய்வோம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் தாய்மாமன்