ஆளிவிதை இரத்தக் கொதிப்பைத் தணிக்குமா?

வடநாட்டார் ‘அல்சி’ என்றும் ‘தீசி’ என்றும் வழங்கும் ஆளிவிதையை நம்மில் பலர் இங்கு வந்த பின்னரே கண்டிருப்போம். இதன் செடியின் நார் துணியாகிறது; எண்ணெய் வண்ணப் பூச்சுக்கு உதவுகிறது. இன்று இது இரத்தக் கொதிப்புக்கு மருந்தென மாத்திரை வடிவிலும் விற்கப்படுகிறது. இக்கூற்று எந்த அளவுக்கு உண்மை என ஆராய்வோம்.

கனடா நாட்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. கால் இரத்தக் குழாய்கள் குறுகிய 110 நோயாளிகள் அதில் பங்குகொண்டனர். அவருள் பெரும்பாலோர்க்கு இரத்தக் கொதிப்பும் இருந்தது. ஒரு பகுதியினர்க்கு நாள்தோறும் 30 கிராம் ஆளிவிதைப் பொடி கலந்த உணவும், மற்றவர்க்கு அதே தோற்றமுடைய, ஆளிவிதையற்ற உணவும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது உண்டவர்க்கும் தெரியாது, அளந்தவர்க்கும் தெரியாது. ஆறு திங்களுக்குப்பின் ஆளிவிதை உண்டவரின் மேல் அழுத்தம், மற்றவரைவிட ஏறத்தாழ 10 மில்லிமீட்டரும், கீழ் அழுத்தம் 7 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன.

ஆயினும் ஓர் ஆய்வைக் கொண்டே முடிவு கட்டுதல் முறையன்று. 15 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய கட்டுரையொன்று 2016இல் வெளிவந்தது. அதன்படி சராசரிக் குறைவு மேலே சுமார் 3, கீழே சுமார் 2 மட்டுமே. பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் உண்டவர்க்கே பயன் மிகுதி. பொடி இரு அழுத்தங்களையும் குறைத்தது. எண்ணெய் கீழ் அழுத்தத்தை மட்டுமே குறைத்தது.

இனி மாத்திரைக் கணக்கைப் பார்ப்போம். 30 கிராம் பொடியில் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பு ஏறக்குறைய 6 கிராம் உண்டு. ஒரு கிராம் எண்ணெய் அடங்கிய மாத்திரையிலோ அரைக் கிராம்தான். ஈடுசெய்யப் பன்னிரண்டு மாத்திரைகள் வேண்டும்! பொடியிலுள்ள நார்ச்சத்து அப்போதும் கிடைக்காது.

எனவே, ஆளிவிதை நல்ல உணவு, மருந்துக்கு மாற்றன்று. முழு விதை செரியாமலே வெளியேறிவிடும்; ஆதலின் பொடித்தே உண்ண வேண்டும்; தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் நலம்.

நண்பர்களே! ஊரில் உள்ள பெற்றோர் விளம்பரத்தை நம்பி, உண்டுவரும் மருந்தை நிறுத்திவிடக்கூடும். கொதிப்பு வலியின்றி வளரும். பக்கவாதமாக வெளிப்படும்போது காலம் கடந்திருக்கும். அடுத்தமுறை வீட்டாருடன் பேசுகையில் இதனை எடுத்துச் சொல்லுங்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்கவும் சொல்லுங்கள். உப்பைக் குறைப்பதற்குக் காசு செலவில்லை!