எட்டாம் வகுப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

பெங்களூரில் 2023-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஒரு வகுப்பு தன் பள்ளி நாட்களைத் திரும்பிப் பார்ப்பதை ஆவணப்படமாக எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். உன் முதல் படத்துக்கு இதைவிடக் கனமான விஷயம் கிடைக்காது. கர்நாடகத்தில் உயர்நிலைப் பள்ளி என்றால் எட்டு, ஒன்பது, பத்து என மூன்றே ஆண்டுகள். அந்த மூன்றும் இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கழிந்தன என்று பார். எட்டாம் வகுப்பின் பெரும்பகுதிக்குக் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. வீட்டில் ஒரே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும், மிச்சம் சந்தனா தொலைக்காட்சியில் வரும் பாடம். ஒன்பதாம் வகுப்புக்கு 2021 ஆகஸ்ட் 23-ல்தான் கதவு திறந்தது. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியபோது பெங்களூரில் மறுபடி மூடினார்கள். மாத முடிவில் திறந்து மூச்சு விடுவதற்குள், வகுப்பில் ஹிஜாப் அணியலாமா என்ற பிரச்சினை வெடித்தது. பிப்ரவரி 5-ல் அரசாணை, 10-ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு, மார்ச் 15-ல் தீர்ப்பு. இடையில் சில நாள் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் விடுமுறை விட்டார்கள். பத்தாம் வகுப்பு ஒன்றுதான் பழைய மாதிரி முழுசாக நடந்த ஆண்டு.

எல்லோரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வகுப்பறையில் கூட்டி, செண்ட் ஆஃப் அன்று எடுத்த குரூப் போட்டோவை நடுவில் வைத்துப் பேசவிடுவது உன் திட்டம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: அந்தப் போட்டோவிலிருந்து தொடங்காதே. அதில் இருப்பவர்கள் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள். வகுப்பு என்பது அவர்கள் மட்டுமில்லை. எட்டாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பட்டியலை முதலில் எடு. பள்ளி அனுமதித்தால் மூன்று வருட அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார். சில பெயர்கள் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்திருக்கும், ஓரத்தில் டி.சி. கொடுத்த தேதி இருக்கும். சில பெயர்களுக்கு எதிரே மாதக் கணக்கில் ஆப்சென்ட், பிறகு பெயரே இருக்காது. பட்டியலின் அடியில், அகரவரிசைக்கு ஒட்டாமல், வேறு மையில் எழுதிச் சேர்த்த பெயர்கள் வரும். ஊரடங்கில் வேலை போய்க் குடும்பத்தோடு சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள், தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், ஏதோ காரணத்தால் வீட்டார் நிறுத்திவிட்ட பெண் பிள்ளைகள் என்று அந்தக் கோடுகளுக்கும் சேர்த்த பெயர்களுக்கும் பின்னால் இந்த நகரத்தின் மூன்று வருடம் இருக்கிறது. போட்டோவில் அதில் ஒரு துளிகூட இல்லை.

கூப்பிட்டுக் கேட்டால் அவர்களே சொல்ல மாட்டார்களா என்று நீ கேட்கலாம். மாட்டார்கள். மறைப்பார்கள் என்று சொல்லவில்லை, நினைவு வேலை செய்யும் விதம் அப்படி. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 1996-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் 99 பேரிடம் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி கிரேடுகளைக் கேட்டு, சொன்னதைப் பள்ளி ஆவணத்தோடு ஒப்பிட்டார்கள். 'ஏ' வாங்கிய பாடங்களில் 89 விழுக்காடு சரியாக நினைவிருந்தது, 'டி' வாங்கியதில் 29 விழுக்காடுதான். தவறாகச் சொன்னவை பெரும்பாலும் தங்களை உயர்த்திச் சொன்னவை. பள்ளியை விட்டுச் சில வருடமே ஆனவர்களின் கதை இது. தன் மதிப்பெண்ணையே இப்படித் திருத்திக்கொள்ளும் மனம், பாதியில் காணாமல் போன பெஞ்ச் தோழியை எவ்வளவு காலம் வைத்திருக்கும்? அதே பாரிக் 1975-ல் செய்த இன்னோர் ஆய்வு உனக்கு வழியும் காட்டுகிறது. பள்ளி முடித்த 392 பேரைச் சோதித்ததில், முப்பது வருடம் தாண்டியும் வகுப்புத் தோழர்களின் முகங்களில் பத்துக்கு ஒன்பதை அடையாளம் கண்டார்கள். எதையும் காட்டாமல் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது தேறியது மிகக் குறைவு. ஆகவே "என்னென்ன ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்பது வீண். பெயரைச் சொல்லு, பழைய போட்டோ கிடைத்தால் முகத்தைக் காட்டு. பூட்டிக் கிடப்பதெல்லாம் அப்போது வெளியே வரும்.

போனவர்களை நாம் மறப்பதற்கு நம் சினிமாவும் ஒரு சாட்சி. 2018-ல் வந்த '96' படத்தைப் பார்த்துத் தமிழ்நாடு முழுக்க பேட்ச் சந்திப்பு பற்றிப் பேசியது. அந்தக் கதை எதனால் பிறந்தது என்று யோசி. குடும்பம் பண நெருக்கடியில் ஊரைவிட்டுக் கிளம்பியதால் ஒரு பையனின் பெயர் அடுத்த வருட ரிஜிஸ்டரில் இல்லை. பார்த்தவர்கள் மனதில் தங்கியது காதல், பாட்டு, மஞ்சள் சுடிதார். ஊரைவிட்டுப் போன பையன் எந்தப் பள்ளியில் போய்ச் சேர்ந்தான், அங்கே எப்படி ஒட்டினான் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. ஆவணப்படக்காரி நீ அங்கேதான் நிற்க வேண்டும். பிரிட்டனில் 1964-ல் ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரை எடுத்து, ஏழு வருடத்துக்கு ஒருமுறை அவர்களிடமே திரும்பிப் போன 'அப்' தொடரைப் பார்த்திருப்பாய். அந்தப் பதினான்கில் பெண்கள் நான்கே பேர். அதைப் பிற்பாடு சரிசெய்ய முடியாமல் போனதற்காக தொடரின் இயக்குநர் மைக்கேல் ஆப்டெட் வெளிப்படையாகவே வருந்தினார். 2019 வரை நீண்ட அத்தனை உழைப்பும் முதல் நாள் பட்டியலைத் தாண்ட முடியவில்லை. உன் பட்டியல் இன்னும் உன் கையில் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவைதான். முதலாவது, ஒரு வகுப்பு தன்னைக் கொண்டாடிக்கொள்ளும் நாளில் விசாரணைக் கமிஷன் எதற்கு என்பது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை, அதைக் குலைக்கவும் வேண்டாம். ஆனால் யாரெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு வரும் சிரிப்பு சுருங்கிவிடாது என்பது என் நம்பிக்கை. அந்த மூன்று வருடத்தைக் கடந்து வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்தப் பிள்ளைகளுக்கே அப்போதுதான் புரியும். இரண்டாவது, படத்துக்கு உணர்வுதானே முக்கியம், புள்ளிவிவரமா என்பது. ரிஜிஸ்டர் உணர்வுக்கு எதிரி இல்லை. 2022 பிப்ரவரி 14-ல் உயர்நிலைப் பள்ளிகள் திறந்தபோது கர்நாடகத்தில் சில இடங்களில் ஹிஜாப் அணிந்து வந்த மாணவிகள் வாசலிலிருந்தே திரும்பிப் போனார்கள். நீ எடுக்கும் பள்ளியில் அன்று என்ன நடந்தது, யாருக்கு அது சாதாரணத் திங்கட்கிழமை, யாருக்கு இல்லை என்று விசாரி. ஒரே பெஞ்சில் இருவேறு பதில் வந்தால் இரண்டையும் அப்படியே வை, சமரசம் பண்ணாதே. மூன்றாவது மறுப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: பாதியில் நின்றவர்களுக்கு அது காயம், கேமராவோடு போய்க் கிளறலாமா? கூடாது. ரிஜிஸ்டர் தேடுவதற்கான கருவி மட்டும். அதன் பக்கம் திரையில் வரக் கூடாது, மதிப்பெண்ணும் வரக் கூடாது. வர மறுப்பவரின் பெயரைப் படத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. சம்மதம் கேட்கும்போது என்ன கேட்கப் போகிறாய் என்பதையும் சொல்லிவிட்டே கேள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பள்ளி என்றால் ஒரே வகுப்பில் தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் வீட்டு மொழியாக இருக்கும். 2023-ல் எஸ்.எஸ்.எல்.சி.யின் 625 மதிப்பெண்ணில் முதல் மொழிக்கு மட்டும் 125 இருந்தது. எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கன்னடத்தில் எழுதுகிறார்கள், தமிழில் நன்றாகப் பேசுவார்கள், எழுதப் படிக்க வராது. எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் பேச்சு கன்னடமும் ஆங்கிலமும் கலந்த பொதுப் பேச்சாகிவிடும், அதோடு யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவருடைய ஞாபகமே எல்லோர் ஞாபகமும் ஆகிவிடும். ஒருவர் தவறாகச் சொன்னதை மற்றவர் தாமே பார்த்ததாக நம்பத் தொடங்குவார்கள் என்பதும் ஆய்வுகளில் தெளிவானது. ஆகவே சந்திப்புக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அவரவர் வீட்டு மொழியில் எடுத்து முடி. உனக்கு உருது வராது என்றால் வருகிற தோழியைக் கூட்டிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கடைசியில் எடுக்கலாம். போனவர்களில் எத்தனை பேர் கிடைத்தார்களோ அவர்களையும் அழை, பயணச் செலவைப் படத்தின் பட்ஜெட்டில் சேர்த்துவிடு. முதல் வெட்டு தயாரானதும் பள்ளிக்குக் காட்டுவதற்கு முன்னால் பாதியில் நின்றவர்களுக்குக் காட்டு. அவர்கள் நீக்கச் சொல்லும் பகுதி படத்தின் மிகச் சிறந்த பகுதியாகவே இருந்தாலும் நீக்கிவிடு.

அன்புடன்.