சித்தூர் வட்டமும் அதன் தண்ணீரும்

கேரளம் என்றதும் நம் மாணவ நண்பர்களுக்கு மழையும் காயலுமே நினைவுக்கு வரும். அக்கேரளத்திலேயே கரிசல் மண்ணும் பனையும் நிலக்கடலையும் வற்றிய கிணறும் உடைய நிலம் ஒன்று உண்டு. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரமே அது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி முதலிய ஊர்களில் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழ். நான் மண்ணியல் பயில்பவன். மூணாற்று மலைத் தோட்டத்துக்குக் கூலியாக வந்த குடும்பத்தில் பிறந்தவன். ஆகவே எல்லையோரத் தமிழர் வரலாறு எனக்குப் பாடநூற் செய்தி மட்டுமன்று.

நம் முன்னோர் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை; மழை பொய்த்த நிலத்தையே பாலை என்றனர். இங்கே மழை குறைவது ஏன்? பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிறது. ஆனால் அதனை மேலே ஏற்றிவிட அங்கு மலை இல்லை. உயராத காற்று குளிராது. குளிராத காற்று மழை தராது. இடுக்கியின் மறையூரில் மலை உண்டு, ஊரோ மலையின் முதுகுப்புறம். மூணாற்றுப் பக்கம் மழையைக் கொட்டிய காற்று, மறுபுறம் இறங்குகையில் சூடேறி வறண்டுவிடுகிறது. அதனால்தான் சின்னாற்றில் கள்ளியும் முட்புதருமாய் இருக்கிறது.

சித்தூர் முன்பு கொச்சி அரசுக்கு உரியது. ஆயினும் கொச்சியோடு ஒட்டாமல், மலபாருக்கும் கோவைக்கும் இடையே தனித்துக் கிடந்தது. 1949இல் திருவிதாங்கூர்–கொச்சியிலும், 1956இல் கேரளத்திலும் அடங்கியது. 1957 சனவரி முதல் நாள் பிறந்த பாலக்காட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. மொழிவாரிப் பிரிவினையில் தேவிகுளம், பீர்மேட்டுக்காக நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தை நாம் அறிவோம். 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு அவ்விரண்டையும் கேரளத்துக்கே விட்டது. சித்தூரைப் பற்றி அவ்வளவு பேச்சே எழவில்லை!

எல்லைக்கோடு விழுந்தபின் தண்ணீர் வழக்காயிற்று. ஆழியாறும் பாலாறும் கூடியே சித்தூர்ப்புழை ஆகிறது. மேற்கே பாயும் ஆறுகளைக் குகைவழி கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என வகுக்கப்பட்டது. மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டொன்றுக்கு 725 கோடி கன அடி தரவேண்டும். 30 ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு என்பதும் விதி. 1988 வந்து போயிற்று, பேச்சு நீண்டதே மிச்சம். அணையின் கதவு தமிழகத்தின் கையில். கீழே தண்ணீர் கேட்டு நிற்பவனோ கேரளத்துத் தமிழ் உழவன். மொழி ஒன்றாக இருந்தும் வாய்க்கால் இரண்டானது.

வாய்க்கால் எட்டாத மேட்டு ஊர்கள் நிலத்தடி நீரையே நம்பின. இதே வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000இல் கொக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் குறைந்தது, சுவையும் கெட்டது என்று இரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா முதலிய பெண்கள் 2002 ஏப்ரலில் பந்தலிட்டு அமர்ந்தனர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கேரள அரசின் உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் எனக் கணக்கிட்டது. மறு ஆண்டே சட்டமன்றம் நட்டஈட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. மயிலம்மா 2007இலேயே மறைந்துவிட்டார்.