கொடியில் ஏறிய இரண்டு எழுத்துகள்

இரண்டாம் ஆண்டில் வரலாற்றுப் பாடத்தின் இடுபணிக்காக உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைனைத் தேர்ந்தெடுத்தேன். 312ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் மில்வியன் பாலத்தருகே நடந்த போருக்கு முன், அவர் வானத்தில் ஒளிச்சிலுவையைக் கண்டு உடனே படைக்கொடியில் கிறிஸ்துவின் குறியைப் பொறித்தார் என்று எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: "யார் சொன்னது? எப்போது?" அதற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதன்மைச் சான்றுகள் இரண்டு. போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் எழுதியவர் லாக்டான்டியஸ். அவர் கூற்றில் வானமும் இல்லை, கொடியும் இல்லை. கனவில் பெற்ற கட்டளைப்படி வீரர்களின் கேடயங்களில் குறி இடப்பட்டது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்கிறார். மற்றவர் ஆயர் யூசிபியஸ். பேரரசர் 337இல் இறந்தபின் அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஒளிச்சிலுவை வருகிறது. பேரரசரே சத்தியம் செய்து தம்மிடம் கூறியதாக எழுதுகிறார். இதே யூசிபியஸ் முன்னர் எழுதிய திருச்சபை வரலாற்றில் அப்போரை விவரிக்கும்போது இக்காட்சியைப் பற்றி மூச்சே விடவில்லை!

'லபாரும்' எனப்படும் அக்கொடியின் அமைப்பையும் யூசிபியஸ் விளக்குகிறார். பொன் வேய்ந்த நீண்ட ஈட்டி. அதில் ஒரு குறுக்குக் கட்டை. உச்சியில் பொன்னும் மணியும் இழைத்த வளையம். வளையத்திற்குள் கிறிஸ்துவின் கிரேக்கப் பெயரிலுள்ள முதலிரண்டு எழுத்துகள். பெருக்கல் குறி போன்றது 'கை'. ஆங்கில 'பி' போன்றது 'ரோ'. ஒன்றன்மேல் ஒன்றாக எழுதினால் அதுவே குறி. கட்டையில் தொங்கிய துணியோடு பேரரசர், அவர்தம் மைந்தர்கள் ஆகியோரின் உருவங்களும் இருந்தன.

'மைந்தர்கள்' என்ற பன்மையில்தான் நான் நின்றுவிட்டேன். 312இல் அவருக்கு இருந்த மகன் கிறிஸ்பஸ் ஒருவனே. மற்றவர்கள் பிறக்கவே இல்லை. ஆகவே யூசிபியஸ் காட்டும் கொடி பிற்காலத்தது. பொருட்சான்றுகளும் இதற்கு இசைகின்றன. 315இல் டிசினம் நகரில் வார்த்த வெள்ளிப் பதக்கத்தில் குறி பேரரசரின் தலைக்கவசத்தில் இருக்கிறது. அதே ஆண்டு உரோமில் எழுந்த வெற்றி வளைவில் கிறிஸ்தவக் குறி எதுவுமில்லை. கொடியுச்சியில் அது தெளிவாகத் தெரிவது 327ஐ ஒட்டிக் கான்ஸ்டான்டிநோபிளில் வெளியான, பாம்பைக் குத்தி நிற்கும் கொடி பொறித்த காசில்தான்.

இன்னொன்று. குறுக்குக் கட்டைக் கொடி உரோமையருக்குப் புதிதன்று; குதிரைப் படையினரிடம் முன்பே இருந்ததுதான். படையினர் கொடிகளை வணங்கியதைக் கிறிஸ்தவரான தெர்த்துல்லியன் 197ஐ ஒட்டி எள்ளி நகையாடினார்: நீங்கள் வணங்கும் கொடிக்கம்பமும் சிலுவைதானே என்று. அவர் கேலி செய்த அதே கம்பத்தின் உச்சியில் பின்னாளில் கிறிஸ்துவின் பெயர் ஏறியது, கீழே பேரரசர் குடும்பத்தின் முகங்களோடு. 361இல் அரியணை ஏறிய ஜூலியன் அப்பெயரை நீக்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் மீண்டும் ஏற்றினார்கள்.

இடுபணியில் நான் திருத்தியது ஒரே சொல்தான். 'உடனே' என்பதை அடித்துவிட்டேன்.