கழுத்துக்குள் ஓர் அரிசி மணி

அப்பாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கழுத்து சீ.டி. ஸ்கேனில் "கரோட்டிட் பாடி சற்றுப் பெரிது" என்று எழுதியிருக்கிறார்கள். புற்றுநோயா? மலையில் வாழ்வதாலா?
— வாசகி, எல்ல

பயப்படாதீங்க, தங்கச்சி. அது எல்லோருக்கும் உள்ள உறுப்பு. கழுத்து நாடி இரண்டாகப் பிரியுமிடத்தில், இருபுறமும் அரிசி மணியளவில் இருக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் மூச்சைக் கூட்டச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்பும். அப்பாவின் நோயில் அதற்கு ஓய்வே இல்லை, அதனால் பெரிதாகும். பெரு நாட்டில் 4,000 மீற்றருக்கு மேல் வாழ்பவர்களுக்கும் அப்படித்தான். எல்ல ஏறக்குறைய 1,000 மீற்றர்தான்; மலையைக் குறை சொல்ல வேண்டாம்.

இருபக்கமும் ஒரே அளவா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஒருபக்கம் மட்டும் கட்டிபோல் இருந்தால் மேலும் பார்க்க வேண்டும். விரலில் ஒட்சிசன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். லயத்து அடுப்புப் புகையிலிருந்து அப்பாவை இன்றே தள்ளி உட்கார வையுங்கள்.