கடைக்குப் போய்வரும் அந்த 5 நிமிடம்

1. 5 வயதுக்குள் இருக்கும் குழந்தையை வீட்டில் தனியாக விடவே வேண்டாம். தூங்குகிறதே என்று பூட்டிவிட்டுப் போவதும் கூடாது. விழித்ததும் அம்மாவைத் தேடி வாசல் கதவுக்கு ஓடும், அடுத்து பால்கனிக்கு. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தால் போதும், ஏறிவிடும்.

2. கடை எவ்வளவு தூரம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கடையில் கூட்டம், திடீர் மழை, வண்டி பஞ்சர், கரண்ட் போய் லிஃப்ட் பாதியில் நிற்பது... இதில் ஒன்று நடந்தால் திரும்ப எத்தனை நேரமாகும்? அத்தனை நேரம் பிள்ளை தனியாக இருக்க முடியுமா என்று பார்த்து முடிவெடுங்கள்.

3. நான் அதிகம் பயப்படுவது பாத்ரூம் பக்கெட்டுக்குத்தான். தத்தி நடக்கும் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, கத்தவும் முடியாது. அடுத்த அறையில் இருப்பவருக்கே சத்தம் கேட்காது. 2 அங்குலத் தண்ணீர்கூட ஆபத்து. பிடித்து வைக்கும் தண்ணீருக்கு இறுக்கமான மூடி போடுங்கள். பாத்ரூம் கதவை வெளியே தாழிடுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் இப்படியே.

4. குப்பை கொட்ட வெளியே வந்த நேரத்தில் குழந்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடும். போடத் தெரியும், எடுக்கத் தெரியாது. கைக்கெட்டும் தாழ்ப்பாளைக் கழற்றி மேலே மாட்டுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு என்றால், ஒரு சாவி எதிர்வீட்டில் இருக்கட்டும்.

5. 9, 10 வயதுப் பிள்ளை என்றால் வயதோடு சுபாவத்தையும் பாருங்கள். "கரண்ட் போனா என்ன செய்வே? கூரியர்காரர் பெல் அடிச்சா?" என்று கேட்டு, செய்தும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் செல் நம்பரும் அவசர எண் 112-ம் மனப்பாடமாக இருக்க வேண்டும். பயப்படும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

6. 9, 10 வயது அக்காவிடம் 2 வயதுத் தம்பியை விட்டுப் போகாதீர்கள். தம்பிக்குப் புரையேறினால் அவள் என்ன செய்வாள்?

7. கிளம்பும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள். தீப்பெட்டி, மாத்திரை, கொசுவிரட்டி லிக்விட், தனியாகக் கிடக்கும் பட்டன் பேட்டரி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

8. "அக்கா, பத்து நிமிஷம் பாப்பாவைப் பாத்துக்கறீங்களா?" நன்கு பழகிய பக்கத்து வீட்டில் இதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம். யாரும் இல்லையா? இடுப்பில் தூக்கிக்கொண்டே கடைக்குப் போங்கள்.